புளுகன்ர மனிசி

எங்கள் பக்கத்தில் புளுகன் என்ற சொல்லை யாரும் கோபத்தில் சொல்வதில்லை. கோபம் வந்தால் பொய்யன் என்பார்கள், கள்ளன் என்பார்கள், அதற்கும் மேலே போய் எழுதக் கூடாததையும் சொல்வார்கள். புளுகன் என்பது சிரிப்போடு வருகிற சொல். பொய்யன் எதையாவது தட்டிப் பறிப்பதற்காகப் பொய் சொல்கிறான். புளுகனுக்கு அதனால் ஒன்றும் வருவதில்லை. தன்னைப் பற்றி ஒரு முழம் கூட்டிச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பிட்டது அவனுக்குச் செமித்துவிடும். பொய்யன் வந்தால் படலையோடு கதைத்து அனுப்பிவிடுவோம். புளுகன் வந்தால் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் கொடுப்போம்.

முப்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தேத்தண்ணியை ஊற்றியவள் நான். கேட்க வந்தவர்கள் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். கோப்பை கழுவுகிறவளுக்குத்தான் அதன் பாடு தெரியும்.

கணவர் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வராது. என் மனிசன். திருகோணமலைத் துறைமுகத்தில் கயிறு பிடிக்கிற வேலை அவருக்கு. கப்பல் கரையை அணைக்கும்போது மேலே இருந்து எறிகிற வடத்தைப் பிடித்து, இழுத்து, கரையில் இருக்கும் இரும்புக் குற்றியில் மாட்டுகிற கூட்டத்தில் ஒருவர். அவர் சொல்லக் கேட்டால், கப்பலை நடுக்கடலில் இருந்து தனியாளாக இழுத்து வந்து கட்டியது போல இருக்கும். வெள்ளைக்காரக் கப்டன் ஒருவன் இவருடைய முடிச்சைப் பார்த்து மலைத்துப்போய், மேலே கூப்பிட்டுத் தன் கதிரையில் இருத்தி, "எங்களோடு வந்துவிடு" என்று கெஞ்சினானாம். அந்தக் கப்டன் ஒரு தரம் நோர்வேக்காரன், அடுத்த தரம் கிரேக்கன். கேட்கிறவர்களும் கேட்டுவிட்டு, "அவருக்குக் கயிறு திரிக்கிறதுக்குத்தானே சம்பளமே" என்று பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் குசினிக் குழாய் மாதக் கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுந்தம் போன கதை.

ஊரையும் சொல்ல வேண்டும். எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் இதே கதைதான். உலகத்துக் கப்பலெல்லாம் ஒன்றாக வந்து நிற்கலாம் என்பார்கள். நிற்கலாம்தான். வருவதென்னவோ ஒரு கோதுமைக் கப்பல், இல்லாவிட்டால் சீமெந்துக் கப்பல். இப்படிப்பட்ட ஊரில் புளுகாமல் இருப்பதும் கஷ்டம் என்று நினைத்து என்னை நானே சமாதானம் செய்திருக்கிறேன்.

எனக்கு வந்த அலுப்பு அவர் புளுகுவதால் அல்ல. அந்தப் பெயரில் பாதி எனக்கும் வந்து ஒட்டிக்கொண்டதால். மாரி காலத்தில் ஒருநாள் சந்தையில், எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவுக்கு வெள்ளம் நிற்கிறது என்றேன். மீன் விற்கிறவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"முழங்காலோ, கணுக்காலோ அக்கா? புளுகன்ர மனிசியெல்லே, பாதியாக் குறைச்சுத்தான் கேக்கோணும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வேறு என்ன செய்கிறது? வீட்டுக்கு வந்து என் பாவாடையில் ஈரம் நின்ற இடத்தைப் பார்த்தேன். முழங்கால்தான்.

அவருடைய புளுகை மிச்சம் வைக்காமல் கேட்கிற ஆள் ஒருவர் இருந்தார். கிண்ணியாக்காரர். இவரோடு ஒரே கூட்டத்தில் கயிறு பிடித்தவர். நான் அவரை நானா என்பேன், இவர் மச்சான் என்பார். பாலம் போடுவதற்கு முன்பு பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்து வந்தவர், இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். வரும்போதெல்லாம் ஒரு சட்டி எருமைத் தயிர். வந்து இருந்த உடனே, "செல்லு மச்சான், புதுசா என்ன இரிக்கி?" என்பார். மனிசன் தொடங்கிவிடுவார். நானா தொடையில் அடித்து அடித்துச் சிரிப்பார். "அண்டப்புளுகன்டா நீ" என்று அவர் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டம் கிடைத்த மாதிரி இருக்கும்.

தயிர்ச் சட்டியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் மனிசனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதையும் அவர் விடவில்லை. நான் கந்தளாய்ப் பிள்ளை. சீனித் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அதற்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. "சீனி பெக்டரிக்காரியக் கட்டினதாலதான் எனக்குச் சீனி வந்தது" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கிளினிக் நாள் கிட்ட வந்தால் சோற்றைத் தொடமாட்டார். பாகற்காய், வல்லாரை, வெறும் தண்ணீர். இரத்தத்தில் எண் நல்லதாக வரும். "என்ர சீனி டொக்டர்மாற்ற சீனிய விடக் குறைவு" என்று கிளினிக் வாங்கில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார். வீட்டுக்கு வந்து அதே பின்னேரம் தயிரும், தேன் போல இனிக்கிற கித்துள் பாணியும். அவர் மட்டுமல்ல, எங்கள் ஊரில் பாதிச் சனம் அப்படித்தான். கிளினிக்கை ஏதோ சோதனை எழுதுகிற இடம் என்று நினைக்கிறார்கள்.

கத்தி, வாய் நொந்து, பிறகு விட்டுவிட்டேன். மனிசருக்கு எவ்வளவுதான் ஏலும்?

எங்கள் குறிச்சி அம்மன் கோயிலில் வருடா வருடம் தீமிதிப்பு நடக்கும். காப்புக் கட்டி விரதம் இருந்து, வேப்பிலை பிடித்து, தணல் பரப்பின குழிக்குள் இறங்கி நடப்பார்கள். என் மனிசனும் இறங்குவார். வெளியே ஏறியதும் எல்லாருக்கும் கேட்க, "எனக்குச் சூடே தெரியேல்ல" என்பார். வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தினால்தான் உண்மை வரும். "இஞ்சாரும், தேங்காயெண்ணெயக் கொண்டாரும் கெதியா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியில் குந்துவார். நான் பூசிவிடுவேன். விழுந்தாலும் மீசையில் மண் படவில்லை என்கிற ஆளுக்கு உள்ளங்காலில் எண்ணெய் பூச ஒருத்தி வேண்டும். அது நான்தான். அந்த வேலையில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவருடைய உண்மை தெரிந்த ஒரே ஆள் நான் என்ற சந்தோசம்.

கடைசியாக அவர் இறங்கிய வருடம், மற்றவர்கள் விறுவிறென்று ஓடிக் கடந்த குழியில் இவர் ஆறுதலாக நடந்தார். நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். சனம் அரோகரா என்று குளறியது. பெண்கள் சிலர் அழுதார்கள். இந்த மனிசனுக்கு நடப்புக் காட்டுவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். வெளியே வந்து வழக்கம் போலச் சொன்னார்.

"எனக்குச் சூடே தெரியேல்ல."

சிலர் அம்மாளின் அருள் என்றார்கள். நானா வேலிக்கு வெளியே நின்று, "புளுகு, புளுகு" என்று கத்திச் சிரித்தார். வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தினேன். மனிசன் எண்ணெய் கேட்கவில்லை. சாப்பிட்டுப் படுத்துவிட்டார். எனக்கும் அன்றைக்கு முழுவதும் நின்ற களைப்பு. ஒரு வேலை குறைந்தது என்று படுத்தேன்.

அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய உண்மை அதுதான். ஒருவருக்கும் அது விளங்கவில்லை. அவருக்கே விளங்கவில்லை.

சில கிழமை கழித்து, வீடு துடைக்கும்போது சீமெந்து நிலத்தில் ஒரு கறை கண்டேன். தேத்தண்ணி என்று நினைத்துத் துடைத்தேன். துணி சிவந்தது. குசினி வாசலில் இன்னொன்று, கிணற்றடிப் பக்கம் இன்னொன்று. கறையின் பின்னாலேயே போனேன். வானொலி கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்த அவருடைய வலது காலில் போய் முடிந்தது. தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே சதை திறந்து கிடந்தது. கெட்ட மணமும் இருந்தது.

"ஐயோ, என்னப்பா இது? நோகேல்லையா உங்களுக்கு?"

குனிந்து பார்த்தார். அது வேறு யாருடையவோ கால் என்பது போலப் பார்த்தார்.

"ஒரு கீறல். எனக்கு இதெல்லாம் ஒரு காயமே?"

பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் சிங்களப் பிள்ளை, வயது குறைவு, நித்திரை இல்லாத கண். தமிழ் அவவுக்கு "நோகுதா", "சாப்பிட்டீங்களா" அளவுக்குத்தான். கந்தளாயில் நான் விளையாடியதே சிங்களத்தில் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் நான்தான் வாய். காயம் எத்தனை நாள் என்று டொக்டர் கேட்டா. "முந்தநாள் ஒரு சின்னக் கல் குத்தினது எண்டு சொல்லும்" என்றார் மனிசன். தீமிதித்ததில் இருந்து என்று நான் சிங்களத்தில் சொன்னேன். கிளினிக் எண்ணெல்லாம் பாகற்காய் எண் என்பதையும் சொன்னேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. டொக்டர் தலையாட்டுவதைக் கண்டு, தன்னுடைய கதை எடுபட்டுவிட்டது என்ற புளுகத்தில், சந்தோசத்தில் இருந்தார்.

பிறகு டொக்டர் ஒரு சின்னப் பிடியில் பொருத்திய நூல் ஒன்றை எடுத்தா. மீன் பிடிக்கிற தங்கூசி போல இருந்தது. கண்ணை மூடச் சொல்லுங்கள், நூல் காலில் படும்போது மட்டும் ஓம் என்று சொல்ல வேண்டும் என்றா. நான் சொன்னேன். அவர் கண்ணை மூடினார். டொக்டர் பெருவிரலில் நூலை வைத்து அழுத்தினா.

"ஓம்," என்றார்.

குதிக்காலில் வைத்தா.

"ஓம்."

டொக்டர் என்னை ஒரு தரம் பார்த்தா. பிறகு கையைத் தூக்கினா. நூல் காலில் இருந்து ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது.

"ஓம்," என்றார் மனிசன். கொஞ்சம் பொறுத்து, "ஓம். நல்லாப் படுது."

டொக்டர் நூலை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டா. அவர் விடவில்லை. "ஓம்" என்றார் இன்னொரு தரம், பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை குரலில்.

டொக்டர் மெல்லச் சிரித்து, "லொக்கு கதா, நேத?" என்றா. பெரிய கதைதானே என்று அர்த்தம். சிங்களத்தில் புளுகை அப்படித்தான் சொல்வார்கள். எப்பவும் இப்படியா என்றும் கேட்டா. எப்பவும் இப்படித்தான் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது பிழை என்று எனக்குப் பட்டது. புளுகனுக்குத் தான் புளுகுவது தெரியும். கப்டன் கதை சொல்லும்போது அவர் கண் எங்கள் முகங்களில்தான் இருக்கும், எவ்வளவு எடுபடுகிறது என்று அளந்துகொண்டு. இங்கே கண்ணை இறுக்கி மூடி, மேலுதட்டில் வேர்வை பூத்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். சீனி காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது, எது படுகிறது, எது படவில்லை என்று அவருக்கே தெரியாது. அவர் பயந்து போயிருந்தார். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இந்த மனிசன் பயம் வந்தால் பயம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?

வாட்டில் வைத்து மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். கிருமி எலும்புக்குப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னா. இன்னொன்றும் சொன்னா: எடுத்த பிறகும் கால் இருப்பது போலவே இருக்கும், நோகும், கடிக்கும், மூளை அதை மறக்க நாள் எடுக்கும், பயப்படாதீர்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் கட்டிலில் இருந்து என் முகத்தையும் டொக்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவாம்?"

அந்த வசனத்தைத் தமிழில் சொல்வதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. எத்தனை வருடமாக இவருடைய கதையைக் குறைத்துக் குறைத்து மற்றவர்களுக்கு விளங்க வைத்தேன், இதை எப்படிக் குறைக்கிறது?

"முழங்காலுக்குக் கீழ எடுக்கோணுமாம்."

போர்வையை இழுத்துக் காலை மூடினார். பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கத்தக்கதாக, "எடுக்கட்டும். ஒத்தைக் காலில நிண்டு கப்பல் கட்டினவன் நான்" என்றார். என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டா. சரி என்று சொல்கிறார் என்றேன். ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசல் வரைக்கும் என் விரல்களைப் பிடித்திருந்தார். ஒரு கதையும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நானா வந்தார். இந்தத் தரம் தயிர் இல்லை, தோடம்பழம். கண் கலங்கி வந்தவரை மனிசன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இப்படியொரு நெஞ்சுரம் உள்ள நோயாளியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று பெரிய டொக்டர் சொன்னாராம், ஊசி போடாமலே வெட்டச் சொல்லி இவர் கேட்டாராம். நானாவின் முகம் தெளிந்தது. தொடையில் அடித்துச் சிரிக்கத் தொடங்கினார். அக்கம் பக்கத்து ஆட்களும் வந்து நின்றார்கள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றினேன். வீடு பழையபடி ஆகிவிட்டது என்று எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

கோப்பைகளோடு வரும்போது மனிசனுடைய குரல் மாறியிருந்தது.

"மச்சான், ஒண்டு சொல்லட்டே? அந்த வெட்டின காலில பெருவிரலுக்குக் கீழ கடிக்குது. சொறியோணும் போல கிடக்கு."

நானா வெடித்துச் சிரித்தார். "அல்லாஹ்வே! இல்லாத கால் கடிக்கிதாம்! டேய், இது உன்ட கப்டன் கதையையும் திண்டுட்டுடா!" எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்ல நானா, அது உண்மை," என்றேன் நான். "அப்பிடி இருக்குமெண்டு டொக்டரே சொன்னவ."

சிரிப்பு இன்னும் கூடியது. "பாத்தீங்களா, இப்ப ரெண்டு பேருமாச் சேந்துட்டாங்க" என்றார் நானா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புளுகன்ர மனிசியெல்லே" என்றது வாசலில் இருந்து ஒரு குரல். நான் தட்டை மேசையில் வைத்தேன். வைத்ததா, போட்டதா என்று தெரியாது, தேத்தண்ணி தெறித்தது. மனிசன் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

எல்லாரும் போன பிறகு படலையைச் சாத்தினேன். வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது கட்டிலில் இருந்து கூப்பிட்டார்.

"இஞ்சாரும். அது புளுகில்ல."

"எனக்குத் தெரியும்."

"இப்பவும் கடிக்குது."

கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலடியில் இருந்தேன். அவர் உடுத்திருந்த சாரத்துக்கு அப்பால் வெறும் விரிப்பு. மற்றக் காலைப் பார்த்து அளவு பிடித்து, பெருவிரலுக்குக் கீழே என்று எனக்குப் பட்ட இடத்தில் விரிப்பை நகத்தால் சொறிந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"படுதா?"

"ஓம்," என்றார். "நல்லாப் படுது."

கை உளையும் வரைக்கும் சொறிந்தேன்.